வாசகர் கேள்வி - பதில்: ஏஸ் கையில் இருக்கும்போது

கேள்வி: கப்பல் கேசினோவில் டீலர் வேலைக்குப் பயிற்சி எடுக்கிறேன். பிளாக்ஜாக் மேஜையில் ஏஸும் 6ம் வந்தவர், 17 இருந்தும் இன்னொரு கார்டு கேட்கிறார். பயிற்சி கொடுப்பவர் அதுதான் சரி என்கிறார். எப்படி?
- வாசகர், கொளச்சல்

பதில்: அவர் சொல்வது சரிதான். நம்மூரில் இருபத்தெட்டு ஆடிப் பழகியவர்களுக்கு இது முதலில் பிடிபடாது. அங்கே ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொரு புள்ளி, கடைசிவரை மாறாது. பிளாக்ஜாக்கில் 21ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் எடுப்பதுதான் ஆட்டம்; ஏஸ் 11 ஆக நிற்கும். கூட்டுத்தொகை 21ஐத் தாண்டப் போனால் 1 ஆக இறங்கிக்கொள்ளும். ஏஸை 11 ஆக எண்ண முடிகிற கைக்குத்தான் சாஃப்ட் என்று பெயர். அடுத்து எந்தக் கார்டு வந்தாலும் அது உடையாது, அதாவது 21ஐத் தாண்டித் தோற்காது.

டீலர் 17க்குக் கீழே நிற்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் ஆட்டக்காரர் 17இல் நிறுத்தினால், டீலர் உடைந்தால் மட்டுமே ஜெயிப்பார்; மிஞ்சிப்போனால் சமன். கார்டு வாங்கினால் என்ன ஆகும்? 13 வகைக் கார்டுகளில் ஏஸ், 2, 3, 4 வந்தால் கை 18 முதல் 21 வரை ஏறும். 10, ஜாக்கி, ராணி, ராஜா வந்தால் 17 அப்படியே இருக்கும். 5 முதல் 9 வரை வந்தால் 12 முதல் 16க்குள் இறங்கும். இந்த ஐந்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் டீலர் திறந்து காட்டும் ஒரு கார்டு சிறியதாக இருக்கும்போது 13க்கும் 17க்கும் பெரிய வித்தியாசமில்லை. டீலர் உடைந்தால் இரண்டும் ஜெயிக்கும், 18 அல்லது அதற்கு மேல் எடுத்தால் இரண்டும் தோற்கும். டீலர் சரியாக 17இல் நின்றால் மட்டும்தான் 17 வைத்திருப்பவர் தப்புவார். அந்தச் சின்ன லாபத்துக்காக 18 முதல் 21 வரை ஏறும் வாய்ப்பை விடக் கூடாது. ஏஸ்-6ஐ வைத்துக்கொண்டு ஒருபோதும் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: சாஃப்ட் கையில் எப்போது டபுள் செய்வது? அட்டவணையை மனப்பாடம் செய்தாலும் மறந்துபோகிறது.
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: டபுள் என்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு கார்டு வாங்குவது. 4 முதல் 8 கட்டு வரை வைத்து ஆடும், டீலர் சாஃப்ட் 17இல் நிற்கும் மேஜைக்குச் சொல்கிறோம். ஏஸ்-2, ஏஸ்-3 என்றால் டீலரின் 5, 6க்கு எதிராக டபுள். ஏஸ்-4, ஏஸ்-5 என்றால் 4, 5, 6க்கு. ஏஸ்-6, ஏஸ்-7 என்றால் 3 முதல் 6 வரை. மேல் எல்லை எப்போதும் 6; கீழ் எல்லை ஜோடிக்கு ஒன்றாக 5, 4, 3 என்று இறங்குகிறது. இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். இந்த எல்லைக்கு வெளியே ஏஸ்-2 முதல் ஏஸ்-6 வரை கார்டு வாங்க வேண்டும். ஏஸ்-8, ஏஸ்-9 இரண்டிலும் நிறுத்த வேண்டும்.

டீலர் 5 அல்லது 6 காட்டும்போது நூற்றுக்குச் சுமார் 42 முறை உடைகிறார். 2க்கு அது சுமார் 35, 7க்கு 26தான். டீலர் தடுமாறும் இடத்தில்தான் பணத்தை இரட்டிப்பாக்குகிறோம். ஏஸ் இருக்கும் தைரியத்தில் 7க்கு எதிராக டபுள் செய்வது நாம் அடிக்கடி காணும் தவறு.

மேஜைத் துணியில் ‘டீலர் சாஃப்ட் 17இல் கார்டு எடுப்பார்’ என்று இருந்தால் இரண்டு மாற்றங்கள்: ஏஸ்-7ஐ 2க்கு எதிராகவும், ஏஸ்-8ஐ 6க்கு எதிராகவும் டபுள் செய்யலாம். சில இடங்களில் கூட்டுத்தொகை 10, 11க்கு மட்டுமே டபுள் அனுமதி. அங்கே டபுளுக்குப் பதில் கார்டு வாங்குங்கள். ஏஸ்-7, ஏஸ்-8 மட்டும் விதிவிலக்கு, அவற்றில் நிறுத்துங்கள்.

கேள்வி: ஏஸ்-7 சேர்ந்து 18. டீலர் 9 காட்டும்போதும் கார்டு வாங்கச் சொல்கிறார்களே?
- வாசகர், தக்கலை

பதில்: வாங்கத்தான் வேண்டும். 9, 10, ஏஸ் மூன்றுக்கும் அதுவே விதி. 9க்கு எதிராக 18இல் நின்றால் 100 ரூபாய்க்குச் சராசரியாக 18 ரூபாய் போகும். கார்டு வாங்கினால் சுமார் 10 ரூபாய். இரண்டும் நஷ்டம்தான், ஆனால் ஏறக்குறைய பாதியை மிச்சப்படுத்துகிறீர்கள். டீலர் 2, 7, 8 காட்டினால் 18 போதும், நிறுத்துங்கள்.

கேள்வி: மூன்று கார்டில் சாஃப்ட் கை வந்தால்?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: ஏஸை முதலில் 1 ஆக வைத்துக் கூட்டுங்கள். தொகை 11 அல்லது அதற்குக் குறைவு என்றால் 10 சேருங்கள், அது சாஃப்ட். ஏஸ், 2, 4: கூட்டினால் 7, ஆகவே சாஃப்ட் 17. டபுள் செய்ய முடியாது, கார்டு வாங்க வேண்டும். ஏஸ், 5, 9: கூட்டினால் 15. இனி அது சாதாரண 15. சாஃப்ட் விதி செல்லாது. ஒவ்வொரு கார்டுக்குப் பிறகும் மறுபடி கூட்டிப் பார்க்காததால்தான் பலர் இங்கே சறுக்குகிறார்கள்.

கேள்வி: இப்படி ஆடினால் ஜெயிக்கலாமா? போனில் பணம் கட்டி ஆடலாமா?
- வாசகர், குழித்துறை

பதில்: ஜெயிக்க முடியாது. நல்ல விதிகள் உள்ள மேஜையில் தவறே இல்லாமல் ஆடினாலும் 100 ரூபாய்க்கு ஏறக்குறைய 50 பைசா கேசினோவுக்குப் போகும். பிளாக்ஜாக்குக்கு (முதல் இரண்டு கார்டே ஏஸும் பத்தோ படமோ ஆக வந்த கைக்கு) 150 தராமல் 120 தரும் மேஜையில் இன்னும் சுமார் 1 ரூபாய் 40 பைசா கூடுதலாகப் போகும். இணையச் சூதாட்டத்தைத் தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக 2025இல் மத்தியச் சட்டமும் வந்துவிட்டது. போனில் வேண்டாம்.

கேள்வி: பணமில்லாமல் வீட்டில் எப்படிப் பழகுவது?
- வாசகர், கருங்கல்

பதில்: ஒரு ஏஸை எடுத்து மேஜையில் நிரந்தரமாக வையுங்கள். மீதிக் கட்டைக் குலுக்கி இரண்டு கார்டு திருப்புங்கள்: முதலாவது ஏஸின் ஜோடி, இரண்டாவது டீலருடையது. மூன்று விநாடிக்குள் கார்டு, நிறுத்து, டபுள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தவறினால் ஒரு புளியங்கொட்டையை ஓரமாக வையுங்கள். ஜோடியாகப் பத்தோ படமோ வந்தால் அது பிளாக்ஜாக், ஏஸே வந்தால் இரண்டு கையாகப் பிரித்து ஆடுவது. அவற்றைத் தள்ளிவிட்டு அடுத்ததைத் திருப்புங்கள். ஐம்பது முறை ஆடியும் கொட்டை எதுவும் சேரவில்லை என்றால், டபுள் அனுமதி இல்லாத மேஜை என்று வைத்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள்.