மைனஸில் நிற்கும் கரண்ட் அக்கவுண்ட்: எதைத் திரும்பக் கேட்கலாம்?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் வீட்டோடு சேர்த்து அப்பளக் கம்பெனி நடத்துகிறேன். ஜி.எஸ்.டி. பதிவு இல்லை. தொழில் பெயரில் ஒரு தனியார் வங்கியில் கரண்ட் அக்கவுண்ட் இருக்கிறது. காலாண்டுச் சராசரி இருப்பு 25,000 ரூபாய் வேண்டுமாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்பளம் காயவில்லை, வரவும் இல்லை. இருப்புக் குறைந்ததற்கு, ரொக்கம் கட்டியதற்கு, யு.பி.ஐ.யில் பணம் வந்ததற்கு என்று பிடித்துப் பிடித்துக் கணக்கு இப்போது மைனஸ் 2,140 ரூபாயில் நிற்கிறது. அதைக் கட்டினால்தான் மூடுவார்களாம். மைனஸுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறதே? அடுத்த கணக்கை எதைப் பார்த்துத் தொடங்குவது?

பதில்: விதி இருக்கிறது, ஆனால் அது உங்கள் கணக்குக்குப் பொருந்தாது. 2014 நவம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு, 2015 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த அந்தச் சுற்றறிக்கை சேமிப்புக் கணக்குக்கு மட்டுமானது. முன்கூட்டித் தகவல், ஒரு மாத அவகாசம், குறைந்த தொகைக்கு ஏற்ற அளவில்தான் அபராதம், அபராதத்தால் மட்டும் இருப்பு மைனஸ் ஆகக் கூடாது என்பதெல்லாம் அதில் வருபவை. வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியில் இந்த வேறுபாடு விடுபட்டுப்போகும். கரண்ட் அக்கவுண்டில் நீங்கள் கையெழுத்திட்ட படிவமும் அதனோடு உள்ள கட்டணப் பட்டியலும்தான் பேசும்.

ஆகவே முதல் வேலை, கணக்கு தொடங்கிய நாளிலிருந்து ஸ்டேட்மென்ட், படிவத்தின் நகல், அப்போதிருந்த கட்டணப் பட்டியல் மூன்றையும் எழுத்தில் கேட்பது. கடிதத்தின் நகலில் கிளையின் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பிடித்தங்களை வகை பிரியுங்கள்.

யு.பி.ஐ. பிடித்தம்தான் உங்கள் வலுவான பிடி. பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டம் 2007, பிரிவு 10ஏ, யு.பி.ஐ. வழியாகப் பணம் கொடுப்பவரிடமும் பெறுபவரிடமும் நேராகவோ சுற்றிவளைத்தோ கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்ட யு.பி.ஐ. பரிவர்த்தனைகளுக்குக் கட்டணம் வாங்கிய வங்கிகளை, 2020 ஜனவரி 1 முதல் பிடித்ததைத் திருப்பித் தரும்படி மத்திய நேரடி வரிகள் வாரியம் 2020 ஆகஸ்ட் 30 அன்று சுற்றறிக்கை விட்டது. இந்த இரண்டையும் மனுவில் குறிப்பிடுங்கள். பணம் வந்ததைச் சொல்லும் ஒலிபெருக்கிப் பெட்டியின் வாடகை இதில் சேராது. வாடிக்கையாளர் ரூபே கிரெடிட் கார்டை இணைத்துச் செலுத்தியிருந்தால் அதற்கும் இந்த விலக்கு கிடையாது.

இருப்பு அபராதத்தைக் கணக்கில் தவறு இருந்தால் மட்டுமே உரிமையாகக் கேட்கலாம். அக்டோபர்–டிசம்பரில் 92 நாள். 25,000 சராசரிக்கு, ஒவ்வொரு நாளும் கணக்கு முடியும்போது உள்ள இருப்பை ஞாயிறு, விடுமுறை உட்படக் கூட்டினால் 23,00,000 வர வேண்டும். தீபாவளிச் சரக்குப் பணம் ஒரு லட்சம் 23 நாள் கிடந்திருந்தாலே, மீதி நாளெல்லாம் பூஜ்யமாக இருந்தாலும் அந்தக் காலாண்டு தேறியிருக்கும். கூட்டிப் பாருங்கள். கணக்கு சரியென்றால் மழைக்காலத்தைச் சொல்லித் தள்ளுபடி கேட்பதுதான் வழி. மேலாளர் மனம் வைத்தால் ஒரு முறை கிடைக்கலாம்.

மைனஸைக் கட்டாமல் விடுவது புத்தியில்லை. தனிநபர் தொழிலுக்குச் சட்டத்தில் தனி ஆள் அடையாளம் கிடையாது. கம்பெனியின் கடன் உங்கள் கடன். அதே வங்கியில் உங்கள் பெயரில் மட்டும் சேமிப்புக் கணக்கு இருந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியும். இரண்டு ஆண்டு பரிவர்த்தனை இல்லாமல் போனால் செயல்படாத கணக்காகி, அதன் பிறகு இருப்பு அபராதம் போட முடியாது என்பது உண்மை. ஆனால் அதுவரை ஏறிக்கொண்டே போகும். ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், பிடித்த யு.பி.ஐ. கட்டணத்தைக் கோரும் உரிமையை விடவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் தாமதிக்காமல் இணையத்தில் புகார் செய்யலாம். செலவில்லை. வக்கீல் மூலம் போட்டால் ஏற்கமாட்டார்கள். நீங்களே போட வேண்டும். விவரம் கேட்க 14448. திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இரண்டாவது வழிதான். 2019 சட்டம் வணிக நோக்கத்துக்கான சேவையை விலக்குவதால், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று வங்கி முதலில் வாதிடும்.

இனி புதுக் கணக்கு. தொழில் வரவைச் சேமிப்புக் கணக்கில் ஓட்டலாமா என்று நினைக்காதீர்கள். வியாபாரப் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்க விதி இடம் தராது. கிளைக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: பாளை மார்க்கெட், டவுண் கடைகளிலிருந்து மாதம் வரும் ரொக்கம், மொத்த என்ட்ரிகள், உளுந்துக் கடைக்கு அனுப்பும் நெஃப்ட் எத்தனை, மழை மாதத்தில் மிஞ்சும் இருப்பு. அந்த மழை மாத எண்தான் நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டிய சராசரி இருப்பின் உச்சம். கரண்ட் அக்கவுண்டுக்கு வட்டி கிடையாது என்பதால் அதற்கு மேல் முடக்குவதும் நஷ்டம்.

‘ஜீரோ பேலன்ஸ்’ என்றால் மாதக் கட்டணமோ, க்யூ.ஆர். வழியாக இவ்வளவு வரவு வேண்டும் என்ற நிபந்தனையோ உண்டா என்று கேளுங்கள். ரொக்கம் கட்டுவதில் இலவச வரம்பு எவ்வளவு, வேறு கிளையிலும் டெபாசிட் மெஷினிலும் அதே வரம்பா, பத்து ரூபாய் நாணயத்துக்குத் தனிக் கட்டணமா? லெட்ஜர் ஃபோலியோ கட்டணத்தைப் பலர் கவனிப்பதில்லை. இத்தனை என்ட்ரிக்கு ஒரு பக்கம் என்று எண்ணுவார்கள். தினம் முப்பது க்யூ.ஆர். வரவு விழுந்தால் பக்கம் வேகமாகப் புரளும். யு.பி.ஐ. வரவையும் அதில் எண்ணினால், சுற்றிவளைத்து வாங்கும் கட்டணம் என்றே நான் வாதிடுவேன். ஆன்லைன் நெஃப்ட் இலவசம் என்று 2020 ஜனவரியில் அமலுக்கு வந்த உத்தரவும் சேமிப்புக் கணக்குக்கே உரியது. எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; பதிவு இல்லாததால் அந்த வரியைக் கழித்துக்கொள்ள உங்களுக்கு வழியில்லை. 1,500 ரூபாய் அபராதம் என்றால் கையிலிருந்து போவது 1,770.

தொழிலுக்கு இரண்டு ஆதாரம் கேட்பார்கள். உத்யம் (சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் போதும். உத்யம் அரசு தளத்தில் இலவசம். அதற்குக் காசு கேட்பவரிடம் போகாதீர்கள்.

புதுக் கணக்கு ஓடத் தொடங்கி, க்யூ.ஆர். அட்டையை மாற்றிய பிறகே பழையதை மூடுங்கள். மீதிக் காசோலைகளையும் டெபிட் கார்டையும் ஒலிபெருக்கிப் பெட்டியையும் ஒப்படைத்து, அவற்றைப் பெற்றுக்கொண்டதாகவும் கணக்கு மூடப்பட்டதாகவும் கடிதம் வாங்குங்கள்.