கூழ் உங்கள் பொறுப்பு, வெயில் நாத்தனார் பொறுப்பு

கேள்வி: எனக்கு வயது 47. மேற்கு மாம்பலத்தில் இருக்கிறோம். மூன்று வருடமாக லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். வெயிலே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணமானதிலிருந்து வருஷா வருஷம் வடாம், மோர்மிளகாய் போட்டு எல்லார் வீட்டுக்கும் நான்தான் கொடுத்தனுப்புவேன். போன வருஷம் போடவில்லை. இந்த வருஷம் தாம்பரத்திலிருந்து நாத்தனார், "நான் வந்து போட்டுத் தர்றேன் அண்ணி, நீங்க சும்மா உட்காருங்க" என்கிறார். நல்ல மனசுதான். ஆனால் எனக்குக் கூசுகிறது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

பதில்: வரச் சொல்லுங்கள். அந்த "சும்மா உட்காருங்க" என்பதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்.

வடாம் எந்தக் காலத்தில் ஒற்றை ஆள் வேலையாக இருந்தது? ஒருத்தர் கிளற, ஒருத்தர் பிழிய, காக்கா ஓட்ட உட்கார வைத்த பிள்ளைகள் பாதி காய்ந்த வடாமைத் தின்று தீர்க்க, அப்படித்தானே நடந்தது. ஃபிளாட்டுக்கு வந்த பிறகுதான் நாம் தனியாக மல்லுக்கட்டுகிறோம்.

வெயில் விஷயத்தில் டாக்டர் சொன்னதுதான் சட்டம். லூபஸ் உள்ளவர்களுக்கு வெயில் பட்டால் தோல் சிவப்பதோடு போகாது. மூட்டுவலி, அசதி என்று நோயையே கிளப்பிவிடலாம். "குடை பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம்தானே" என்று கிளம்பாதீர்கள். மாடியில் வெள்ளை கூலிங் டைல்ஸ் போட்டிருந்தால் வெயில் கீழிருந்தும் திரும்பி அடிக்கும்.

அதனால் மாடி முழுக்க நாத்தனாருக்கு. அடுப்படி உங்களுக்கு. முதல் நாள் ராத்திரியே வந்து தங்கச் சொல்லுங்கள். ஜவ்வரிசியை ஊறப்போட்டுவிட்டால் விடியற்காலை அவர் கிளறட்டும், மணிக்கட்டு வலியோடு நீங்கள் கரண்டியைத் தொட வேண்டாம். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பதம் சொல்லுங்கள். ஒரு சொட்டுக் கூழைத் தட்டில் விட்டுச் சாய்த்துப் பார்ப்பது, காய்ந்தால் உப்பு ஏறும் என்று இப்போதே ஒரு சிட்டிகை குறைத்துப் போடுவது, சூடு ஆறிய பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிய விடுவது, இதெல்லாம் இத்தனை வருஷமாக உங்கள் நாக்கிலும் கண்ணிலும் இருக்கிறது. அவருக்கு அது வேண்டும்.

நானும் இந்த வீம்பைப் பிடித்தவள்தான். ஆபரேஷன் முடிந்த வருஷம், அக்கா வருகிறேன் என்றதை வேண்டாம் என்றுவிட்டுத் தனியாகக் கிளறி, தனியாக மாடியேறி ஊற்றினேன். மத்தியானம் மாத்திரை மயக்கத்தில் தூங்கிப்போனேன். கோடை மழை கொட்டித் தீர்த்தது. எழுந்து போய்ப் பார்த்தால் ஷீட் முழுக்க மறுபடி கூழ். சாயங்காலம் அக்கா வந்தாள், ஒன்றும் கேட்கவில்லை, ஷீட்டை எடுத்துப்போய்க் கழுவிக் காயப்போட்டாள்.

இன்னும் ஒன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கும். நாத்தனார் ஊற்றுவது உங்களுடையதைப் போல வட்டமாக வராது. உப்பைப் பற்றிச் சொல்லுங்கள், வட்டத்தைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். ரொம்பத் தடிமனாக ஊற்றினால் மட்டும் தடுத்துவிடுங்கள், பொரித்தால் நடுவில் கடுக்கென்று நிற்கும்.

உங்களுக்கு எந்த நாள் எப்படி விடியும் என்று தெரியாது என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள். முடியாத நாளில் அவர் தாம்பரத்தில் ரயில் ஏறும் முன் ஒரு போன் போதும். வெளியில் பார்க்க நன்றாக இருப்பவருக்கு உள்ளே என்ன வலி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம், சிறுநீரகமோ ரத்த அழுத்தமோ சம்பந்தப்பட்டிருந்தால், ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டாலும்கூட, மோர்மிளகாயை நீங்கள் எவ்வளவு தொடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் இருப்பது பாதி உப்பு.

காய்ந்ததும் யார் யார் வீட்டுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது எப்போதும்போல நீங்கள்தான். பெரிய டப்பா நாத்தனாருக்கு. வேண்டாம் என்பார். பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிடுங்கள்.