வாசகர் கேள்விகள்: உரும்சி ஏன் அமைதியாக இருக்கிறது?

? 2009 போல, சீனாவின் சின்ஜியாங் பகுதியில் உய்குர் முஸ்லிம்களின் போராட்டம் எதுவும் இப்போது காதில் விழுவதில்லையே? கோபம் அடங்கிவிட்டதா?
— மஞ்சக்குப்பம் வாசகர், கடலூர்

இல்லை. அடக்கிவிட்டார்கள். 2009 ஜூனில் தென் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், ஷாவ்குவான் பொம்மை ஆலையில் உய்குர் தொழிலாளர் இருவர் அடித்துக் கொல்லப்பட்டனர். நியாயம் கேட்டு ஜூலை 5 அன்று சின்ஜியாங்கின் தலைநகர் உரும்சியில் கிளம்பிய ஊர்வலம் கலவரமாக மாறியது. அரசுக் கணக்கில் 197 பேர் பலி, பெரும்பாலோர் சீனாவின் பெரும்பான்மையினரான ஹான் இனத்தவர். உய்குர் அமைப்புகள் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. பிறகு சுமார் 10 மாதம் சின்ஜியாங்கில் இணையமே இல்லை.

2016-இல் திபெத்திலிருந்து சென் சுவாங்குவோ சின்ஜியாங்கின் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளராக வந்தபின் கெடுபிடி இறுகியது. சில நூறு மீட்டருக்கு ஒரு காவல் சாவடி. அடையாள அட்டை, முகம், செல்போன் மூன்றையும் சோதித்தார்கள். வாட்ஸ்அப் வைத்திருந்தால், வெளிநாட்டு உறவினரோடு பேசினால், வழக்கத்தைவிட அதிகம் மின்சாரம் செலவானால்கூடக் காவல்துறைக் கணினி சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. அடுத்தது விசாரணை, பலருக்குத் தடுப்பு முகாம். சில ஊர்களில் கசாப்புக் கடைக் கத்தி சங்கிலியில் கட்டியிருந்தது. வாங்கியவரின் விவரம் கியூஆர் குறியீடாகக் கத்தியிலேயே பொறித்திருந்தது. இந்த நிலையில் நாலு பேர் எப்படிக் கூடுவார்கள்? வன்முறையை எதிர்த்து, பேச்சுவார்த்தையை வலியுறுத்திய உய்குர் பேராசிரியர் இல்ஹாம் தோஹ்திக்கே 2014-இல் ஆயுள் தண்டனை!

? 2022-இல் உரும்சியில் மக்கள் தெருவுக்கு வந்தார்களே?
— முத்தியால்பேட்டை வாசகி, புதுச்சேரி

நவம்பர் 24 அடுக்குமாடித் தீயில் 10 பேர் இறந்தனர். கொரோனா அடைப்பால்தான் தப்ப முடியவில்லை என்று மக்கள் கொதித்தனர். இறந்தவர்கள் உய்குர்கள். ஆனால் தெருவில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஹான் மக்கள்.