2,00,000 கிலோமீட்டர் ஓடிய ஹைபிரிட் சொகுசுக் காரை வாங்கலாமா?

பத்து வயதான, 2,00,000 கிலோமீட்டர் ஓடிய லெக்சஸ் ஹைபிரிட் காரை (பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்குவது) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடிய தூரத்தை மட்டும் கண்டு ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஹைபிரிட் பேட்டரியைப் பெரிதும் கெடுப்பவை வயதும் வெப்பமும்தான். பல மாடல்களில் பின்னிருக்கையை ஒட்டி ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். அதில் தூசியும் நாய்முடியும் அடைத்திருந்தால், பேட்டரி போதிய குளிர்ச்சியின்றி உழைத்திருக்கிறது என்று கொள்ளலாம். மெக்கானிக்கிடம், காரின் கணினித் தரவைப் படிக்கும் ஸ்கேனரை இணைத்து, மேடேறும்போது பேட்டரியின் ஒவ்வொரு தொகுதியின் மின்னழுத்தத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சட்டென்று இறங்கினால், அது தளர்ந்துவிட்டது என்று பொருள். எச்சரிக்கை விளக்கு எரியாதது போதிய சான்றன்று. விற்பவர் காரின் கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளை அழித்துவிட்டுக் காட்டுவதும் உண்டு. பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர், பிரேக்குக்கு அழுத்தம் தரும் பிரேக் ஆக்சுவேட்டர் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். பேட்டரி மாற்றும் செலவைச் சேர்த்தும் விலை கட்டுப்படியானால் வாங்கலாம். சர்வீஸ் பதிவேடு இல்லாத வண்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் வாங்கச் சொல்லமாட்டேன்.