பதில்: கழுத்து டிஸ்க் ஆபரேஷன் பண்ணலாமா?

அண்ணே, கழுத்துல ரெண்டு டிஸ்க் (எலும்புகளுக்கு நடுவுல இருக்குற மெத்தை) பிதுங்கியிருக்கு, ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்துட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. வலியை மட்டும் வச்சு முடிவெடுக்காதீங்க. கைக்கு இறங்குற வலி நிறைய பேருக்கு 6 முதல் 12 வாரத்துல மாத்திரை, பிசியோவோடயே அடங்கிடும்.

ஆனா சட்டைப் பட்டன் போட விரல் தடுமாறுதா, எம்ஆர்டி ரயில் நிலையப் படியில கால் பின்னுதா? அது தண்டுவடமே நசுங்குறதா இருக்கலாம், தள்ளிப்போடாம உடனே டாக்டரைப் பாருங்க. சிறுநீர் கட்டுப்படலைன்னா அன்னைக்கே அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க.

அப்படி எதுவும் இல்லைன்னா அவசரமில்லை. எம்ஆர்ஐ படத்துல தெரியுற நரம்பும் உங்க வலியும் பொருந்துதான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. எலும்பை இணைக்கப் போறாங்களா, செயற்கை டிஸ்க் வைக்கப் போறாங்களான்னும் கேளுங்க. இணைப்புன்னா சிகரெட்டை இப்பவே விட்டுடுங்கண்ணே, எலும்பு ஒட்டுறதை அது கெடுக்கும். நம்ம சிங்கப்பூர்ல பாலிகிளினிக் (அரசு வட்டார மருந்தகம்) கடிதத்தோட அரசு மருத்துவமனையில வேற டாக்டர்கிட்டயும் காட்டுங்க, மானியக் கட்டணம்தான். மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான சேமிப்பு) கணக்குல எடுக்க முடியுமான்னும் அங்கேயே விசாரிச்சுக்கங்க.