85-ல நின்னா பாஸா, 150 வரைக்கும் போனா ஃபெயிலா?

இந்த தடவை அடாப்டிவ் டெஸ்ட் பத்தி வந்த கேள்விங்க மட்டும் எடுத்திருக்கேன். அதாவது நீங்க பதில் சொல்ல சொல்ல அதுக்கேத்த மாதிரி அடுத்த கேள்விய கம்ப்யூட்டரே தேர்ந்தெடுக்கிற பரீட்சை.

கேள்வி: நான் நர்ஸ். அமெரிக்கா போறதுக்காக என்க்ளெக்ஸ், அதாவது அங்க நர்ஸ் லைசென்ஸுக்கான பரீட்சை, எழுதினேன், கேள்வி 150 வரைக்கும் போச்சு. ஃப்ரெண்டுக்கு 85-லயே நின்னுடுச்சு. 150 போனாலே ஃபெயில்தான்னு எல்லாரும் சொல்றாங்க. பாதி கேள்வி தப்பா போட்ட மாதிரியே இருக்கு, தூக்கமே வரல. – வாசகி, நாகர்கோவில்

பதில்: அவங்க சொல்றத நம்பாதீங்கம்மா. 150 வரைக்கும் போச்சுன்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான், உங்க லெவல் பாஸ் கோட்டுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கு, மேலயா கீழயான்னு மெஷினால உறுதியா சொல்ல முடியல. அவ்வளவுதான். 85-ல நிக்கிறதுக்கும் அதே மாதிரிதான், உங்க ஃப்ரெண்டு பாஸ்னும் அர்த்தமில்ல ஃபெயில்னும் அர்த்தமில்ல, ஏதோ ஒரு பக்கம் தெளிவா தெரிஞ்சுடுச்சுன்னு மட்டும்தான் அர்த்தம்.

2023 ஏப்ரல்லேர்ந்து இந்த பரீட்சையில குறைஞ்சது 85, அதிகபட்சம் 150 கேள்வி, டைம் 5 மணி நேரம். அந்த 85-ல 15 கேள்விக்கு மார்க்கே கிடையாது, அடுத்து வரப்போற பரீட்சைக்காக சோதிச்சு பாக்கிற கேள்விங்க, எது எதுன்னு உங்களுக்கு தெரியாது. 85 முடிஞ்சதும் ஒவ்வொரு பதிலுக்கு அப்புறமும் மெஷின் ஒரே விஷயத்த தான் பாக்குது: இவங்க பாஸ் கோட்டுக்கு மேல இருக்காங்க, இல்ல கீழ இருக்காங்கன்னு 95% உறுதியா சொல்ல முடியுமா? முடிஞ்சா நிறுத்திடும். முடியலன்னா அடுத்த கேள்வி. 150-யும் முடிஞ்சு போச்சுன்னா அந்த 95% கணக்க விட்டுட்டு கடைசி மதிப்பீடு கோட்டுக்கு மேல இருக்கா இல்லையான்னு மட்டும் பாக்கும், மேல இருந்தா பாஸ். அதனால 150 போனவங்கள்ல பாஸ் ஆனவங்களும் உண்டு.

பாதி தப்பா தோணுதுன்னு சொன்னீங்களே, அப்படித்தான் தோணணும்! உங்களுக்கு 50-50 சான்ஸ் இருக்கிற கேள்வியா பாத்து பாத்து தான் அது குடுக்குது. கண் டாக்டர் கண்ணாடி மாத்தி மாத்தி "இது தெளிவா, அது தெளிவா"ன்னு கேப்பாரே, ரெண்டும் ஒண்ணு போல தெரியிற இடத்துக்கு வந்தாதான் அவருக்கு உங்க பவர் கிடைக்கும், அது மாதிரி. நல்லா படிச்ச பொண்ணுக்கும் பாதி தான் சரியாகும், சுமாரா படிச்ச பொண்ணுக்கும் கிட்டத்தட்ட பாதி தான் சரியாகும், ஆனா ரெண்டு பேரும் பாத்த கேள்வி ஒண்ணில்ல. தைரியமா இருங்க, தூங்குங்க.

கேள்வி: ரெண்டு பேருமே பாதி சரின்னா, யார் திறமை எவ்வளவுன்னு எப்படி நம்பர் போடுறாங்க? கணக்கு வாத்தியார் நான், கொஞ்சம் உள்ள போய் சொல்லுங்க. – வாசகர், திருச்சி

பதில்: சார், இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

அடிப்படை, டென்மார்க் கணிதக்காரர் கேயார்க் ராஷ் 1960-ல புத்தகமா போட்ட மாடல். கேள்வியோட கஷ்டத்தையும் ஆளோட திறமையையும் ஒரே அளவுகோல்ல வைக்கிறாரு, அதுக்கு யூனிட் லாஜிட். திறமையும் கஷ்டமும் சமம்னா சரியா போட 50% சான்ஸ். திறமை 1 லாஜிட் அதிகம்னா 73%, 2 அதிகம்னா 88%. என்க்ளெக்ஸ் இந்த மாடல்ல தான் ஓடுது, ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸுங்க எழுதுற என்க்ளெக்ஸுக்கு பாஸ் கோடு 0.00 லாஜிட்னு 2013-ல வெச்சாங்க.

இப்போ ஒரு பொண்ணு உக்காந்திருக்கா. முதல் கேள்வி கஷ்டம் 0, சரியா போட்டுட்டா. திறமை எவ்வளவு? "இந்த பதிலுக்கு எந்த திறமை இருந்தா சான்ஸ் ரொம்ப அதிகம்"னு மட்டும் கேட்டா விடை முடிவிலி சார்! ஏன்னா திறமை ஏற ஏற சரியா போடுற சான்ஸும் ஏறிக்கிட்டே தான் போகும், எங்கயும் நிக்காது. எல்லாம் சரி, இல்ல எல்லாம் தப்புன்னு இருக்கிற வரைக்கும் இந்த சிக்கல் தீராது. அதுக்காக முன்னாடியே ஒரு அனுமானம் வெச்சுக்கலாம், எழுதுறவங்க பெரும்பாலும் சராசரி 0, விலக்கம் 1-ன்னு மணி வடிவத்துல பரவி இருப்பாங்கன்னு. பேயிஸ் வழி இது. இத சேத்து கணக்கு போட்டா அந்த முதல் சரிக்கு அப்புறம் மதிப்பீடு 0.40, தப்பா போட்டிருந்தா மைனஸ் 0.40. எவ்வளவு அடக்கமா நகருது பாருங்க.

ரெண்டாவது கேள்வி கஷ்டம் 1, தப்பா போட்டுட்டா. இப்போ ஒரு சரி ஒரு தப்பு வந்துடுச்சு, அனுமானமே தேவையில்ல, மதிப்பீடு நடுவுல 0.5-ல நிக்கும். மூணாவது கஷ்டம் 0.5, சரி. இப்போ மூணு கேள்விக்கும் சரியாகிற சான்ஸ கூட்டினா 2 வரணும், ஏன்னா அவ போட்டது ரெண்டு சரி. எந்த திறமைக்கு அப்படி வருதுன்னு தேடினா 1.22. நீங்களே கால்குலேட்டர்ல போட்டு பாருங்க, 0.77, 0.67, 0.55, கூட்டினா ரெண்டு கிட்ட வந்துடும். ஆனா இந்த 1.22-ஐ இப்போ நம்ப முடியாது, பிழை அளவு 1.25, அதாவது மதிப்பீட்ட விட பிழை பெருசு.

பிழை எப்படி குறையுது? ஒவ்வொரு கேள்வியும் எவ்வளவு தகவல் தருதுங்கிறது, சரியாகிற சான்ஸ தப்பாகிற சான்ஸால பெருக்கினா கிடைக்கும். 50-50-ல அது 0.25, அதுக்கு மேல போகாது. 88% சான்ஸ் இருக்கிற கேள்வியில 0.1 தான். ஈஸியான கேள்வி அஞ்சு குடுத்தாலும் சரியான லெவல் கேள்வி ரெண்டுக்கு தான் சமம், இதனால தான் அடாப்டிவ் டெஸ்ட் சின்னதா முடிஞ்சுடுது. எல்லா கேள்வியும் கச்சிதமா பொருந்தினா 16 கேள்வியில பிழை 0.5, அத பாதியாக்கி 0.25 ஆக்கணும்னா 64 கேள்வி வேணும். நாலு மடங்கு! நாகர்கோவில் வாசகிக்கு 150 வரைக்கும் போனதுக்கு காரணமும் இதுதான், கோட்டுக்கு பக்கத்துல இருக்கிறவங்கள பிரிச்சு பாக்க கேள்வி எக்கச்சக்கமா செலவாகும்.

கேள்வி: முதல் பத்து கேள்விக்கு தான் வெயிட்டேஜ் ஜாஸ்தி, அதுக்கே பாதி டைம் செலவு பண்ணுன்னு கோச்சிங்ல சொல்றாங்க, நிஜமா? – வாசகர், கோவை

பதில்: இல்லப்பா. ராஷ் மாடல்ல கேள்வியோட வரிசைக்கு மதிப்பே கிடையாது, கடைசி மதிப்பீடு போடும்போது முதல் கேள்வியும் அறுபதாவது கேள்வியும் ஒரே கணக்குல தான் சேருது. ஆரம்பத்துல தடுமாறினா மெஷின் உன்ன கீழ இறக்கும், நீ அங்க சரியா போட போட மேல ஏத்திடும். எம்பிஏ சேர எழுதுற ஜிமேட் மாதிரி ஒரு செக்ஷனுக்கு 21, 23 கேள்வின்னு சின்னதா இருக்கிறதுல மீண்டு வர இடம் கம்மி, அது உண்மை தான், ஆனா அது கடைசி பத்துக்கும் பொருந்தும். முதல்ல டைம கொட்டிட்டு கடைசியில கண்ண மூடிக்கிட்டு கிளிக் பண்றவங்க தான் நிஜமாவே அடி வாங்குறாங்க, ஏன்னா வரிசையா தப்பு விழ விழ மதிப்பீடு சரசரன்னு இறங்கும், திருப்பி ஏற கேள்வி மிச்சம் இருக்காது.

கேள்வி: பழைய கேள்விக்கு திரும்பி போக ஏன் விடமாட்டேங்கிறாங்க? – வாசகி, வேலூர்

பதில்: விட்டா சிலர் முதல்ல வேணும்னே தப்பு போட்டு ஈஸி கேள்வியா வரவெச்சு, கடைசியில எல்லாத்தையும் சரியாக்கிடுவாங்க. வெளிநாட்டுல மேல்படிப்புக்கு எழுதுற ஜிஆர்இ-ல அடுத்த செக்ஷன் மட்டும்தான் மாறுது, அதனால ஒரு செக்ஷனுக்குள்ள முன்ன பின்ன போகலாம். இப்போ இருக்கிற ஜிமேட்ல ஒரு செக்ஷனுக்கு 3 பதில் வரைக்கும் மாத்த விடுறாங்க. என்க்ளெக்ஸ்ல அதுவும் கிடையாது.

கேள்வி: டெலிகிராம்ல "ரீகால்" கேள்வின்னு, அதாவது முன்னாடி எழுதினவங்க ஞாபகம் வெச்சு சொன்ன கேள்விங்கன்னு விக்கிறாங்களே, வாங்கலாமா? – வாசகர், சென்னை

பதில்: வேண்டவே வேண்டாம். இது பழைய நோய். ஜிஆர்இ கம்ப்யூட்டர்ல வந்த புதுசுல, 1994-ல, காப்லான் கோச்சிங் கம்பெனி தன் ஆளுங்களையே பரீட்சை எழுத அனுப்பி, அதே கேள்விங்க திரும்ப திரும்ப வருதுன்னு காட்டிச்சு. ஜிஆர்இ நடத்துற இடிஎஸ் பரீட்சை நாட்கள குறைச்சு, காப்லான் மேல கேஸும் போட்டுச்சு. எப்பவும் அதிக தகவல் தர்ற கேள்வியவே எடுத்தா அந்த கொஞ்சம் கேள்விங்க தான் எல்லாருக்கும் போகும், அதுதான் பிரச்சனை. 1985-லயே அமெரிக்க கடற்படை ஆராய்ச்சிக்காரங்க சிம்ப்சனும் ஹெட்டரும் இதுக்கு வழி சொல்லியிருந்தாங்க: பொருத்தமான கேள்வியா இருந்தாலும் அத குலுக்கல்ல ஜெயிச்சா மட்டும் வெளிய விடு. பணத்துக்கு வாங்குற ரீகால் உங்களுக்கு வர்ற சான்ஸ் கம்மி, தவிர மாட்டினா லைசென்ஸ் கனவே போயிடும், நோயாளி உயிர் சம்பந்தப்பட்ட வேலை இது, மனப்பாடம் பண்ணிட்டு வார்டுக்குள்ள போகக் கூடாது.

கேள்வி: எங்க ஸ்கூல்ல இத பண்ண முடியுமா? கம்ப்யூட்டர் கம்மி. – ஆசிரியை, தேனி

பதில்: முழுசா பண்ண கஷ்டம் டீச்சர். ஒவ்வொரு கேள்வியோட கஷ்டத்தையும் முன்னாடியே அளக்கணும், அதுக்கு ஒரு கேள்விக்கு குறைஞ்சது சில நூறு பசங்க பதில் வேணும், அப்படி அளந்த கேள்வி நிறைய கையிருப்புல இருக்கணும். ஆனா பேப்பர்லயே ரெண்டு கட்டமா வெக்கலாம். முதல்ல எல்லாருக்கும் நடுத்தரமா 10 கேள்வி, அங்கேயே திருத்தி, 4-க்கு கீழ வாங்கினவங்களுக்கு ஈஸி தாள், 7-க்கு மேல வாங்கினவங்களுக்கு கஷ்டமான தாள், மத்தவங்களுக்கு நடுத்தாள். 1905-ல பாரிஸ்ல பினேங்கிற உளவியல்காரர் குழந்தைங்கள சோதிச்சதும் கிட்டத்தட்ட இந்த மாதிரி, பதில பாத்து மேலயோ கீழயோ போறது தான். ரெண்டாவது தாள் மார்க்க மட்டும் ரேங்க் போட எடுத்துக்காதீங்க, மூணு தாளும் ஒரே அளவுகோல்ல இல்ல. எந்த பையன் எந்த இடத்துல தடுமாறுறான்னு பாக்க வெச்சுக்கோங்க, அதுக்கு அருமையா உதவும்.