பெரியவர்களுக்கு ஈரலில் சீழ்க்கட்டி: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு வயது 74, சுகர் உண்டு. யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஒரு வாரம் மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் விடவில்லை. இப்போது ஸ்கேனில் ஈரலில் 7 செ.மீ. சீழ்க்கட்டி. இரண்டும் ஒரே கிருமியா?

பதில்: இருக்கலாம், கல்ச்சர்தான் (கிருமியை லேப்பில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) சொல்லும். யூரினில் ஒரு கிருமி கிடைத்ததுமே தேடுவதை நிறுத்திவிடுவதுதான் வயதானவர்களிடம் நடக்கும் பெரிய தவறு. சுகர் உள்ளவர்களுக்கு க்ளெப்சியெல்லா என்ற கிருமி ஈரலில் சீழ் வைத்து, ரத்தம் வழியாகக் கண், நுரையீரல், மூளை வரை போகும். ஆன்டிபயாடிக் மாற்றும் முன் இரண்டு கையிலும் தனித்தனியாக ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்கள், கட்டியில் எடுக்கும் சீழையும்தான். பிரஷர் இறங்கியிருந்தால் மட்டும் கல்ச்சருக்காக மருந்தைத் தாமதிக்கக் கூடாது. 5 செ.மீ.க்கு மேல் என்றால் பெரும்பாலும் குழாய் வைத்து வடிப்பார்கள். மருந்து மொத்தம் 4 முதல் 6 வாரம். கண் சிவந்து வலித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பார்வையே போய்விடலாம்.

கேள்வி: குழாயில் நேற்று 60 மி.லி. வந்தது, இன்று ஒன்றுமே இல்லை. ஆறிவிட்டதா?

பதில்: இப்படிச் சட்டென்று நின்றால் கெட்டிச் சீழ் அடைத்திருக்கும், அல்லது குழாய் மடங்கியோ நகர்ந்தோ இருக்கும். நர்ஸ் 10 மி.லி. சலைன் மெதுவாகச் செலுத்திப் பார்க்கட்டும். தடுத்தால் அழுத்தித் தள்ளக் கூடாது, ஸ்கேன்தான். நாளுக்கு 10 மி.லி.க்குக் கீழே படிப்படியாகக் குறைந்து, ஸ்கேனிலும் கட்டி சுருங்கியிருந்தால்தான் எடுப்பார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு அமீபா கட்டி. மெட்ரோனிடசோல் 10 நாள் முடிந்தது. போதுமா?

பதில்: போதாது. குடலில் தங்கியிருக்கும் அமீபாவை அது முழுசாக அழிக்காது. டைலோக்ஸனைடு 500 மி.கி. மூன்று வேளை, 10 நாள் என்று தனியாக எழுதித் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், மெட்ரோனிடசோலால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) ஏறியிருக்கலாம், உடனே பார்க்கவும்.

கேள்வி: மாமா வயலில் வேலை செய்பவர், சுகர் உண்டு. ஈரலிலும் மண்ணீரலிலும் கட்டி. கல்ச்சரில் 'சூடோமோனாஸ் கிருமி, வெளிக்கலப்பாக இருக்கலாம்' என்கிறார்கள், அதாவது வெளியிலிருந்து மாதிரியில் கலந்ததாம்.

பதில்: அதை அப்படியே விடாதீர்கள். மண்ணிலும் சேற்று நீரிலும் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமியை லேப்பில் இப்படித் தவறாக எழுதிவிடுவது உண்டு. 'மெலியாய்டோசிஸா?' என்று பேர் சொல்லியே கேளுங்கள். அதுதான் என்றால் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி, உள்ளுறுப்பில் சீழ் இருப்பதால் சுமார் 4 வாரம். பிறகு கோ-ட்ரைமாக்ஸசோல் மாத்திரை குறைந்தது 3 மாதம். பாதியில் விட்டால் திரும்ப வரும்.

கேள்வி: மருந்து முடிந்து 2 மாதம், ஸ்கேனில் இன்னும் குழி தெரிகிறது.

பதில்: காய்ச்சல் இல்லை, பசி எடுக்கிறது, சி.ஆர்.பி. (உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இறங்கிவிட்டது என்றால் மறுபடி மருந்து வேண்டாம். குழி மூடப் பல மாதம் ஆகும். பாக்டீரியா கட்டிக்குக் காரணம் பித்தப்பையில் கிடைக்கவில்லை என்றால், கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பெருங்குடல் புற்றுநோய் சில சமயம் இப்படித்தான் முதலில் தெரியவருகிறது.